கேட்டறியாத இசையைக் கேட்டுப் பழகுதல்



சென்ற இதழில் தாளத்தின் அங்கங்களைப் பற்றிப் படித்தோம். இலகு, துருதம், அனுதுருதம் மூன்றையும் பிள்ளைகள் கையால் போட்டுக் காட்டினார்கள். இம்முறை புதிய தாளமோ புதிய இராகமோ சொல்லித்தரப் போவதில்லை. நமக்குப் பழக்கமில்லாத இசையை எப்படிக் கேட்பது என்பதே இன்றைய பாடம். இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று, பெற்றோருக்கும் உரியது. உண்மையைச் சொன்னால், முதலில் இதைப் படிக்க வேண்டியிருந்தது ஆசிரியர்களாகிய நமக்குத்தான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

எமது மிருதங்க வகுப்பில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் இருந்தான். ஏழு வயதில் சேர்ந்தவன். கையில் நல்ல சுத்தம். மிசிசாகாவில் உயர்பள்ளிக்குப் போன பின்னர் அங்குள்ள ஜாஸ் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கத் தொடங்கினான். ஞாயிறு வகுப்புக்குப் பிந்தி வரத் தொடங்கினான், பின்பு சில கிழமைகள் வரவேயில்லை. ஒருநாள் தகப்பனார் தனியாக வந்தார். "மாஸ்டர், ரெண்டு தோணியிலை கால் வைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டைத் தெரிவு செய் எண்டன். அவன் அதைத் தெரிவு செய்துபோட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தமிழ் அரைகுறையாத்தான் கதைக்கிறான். இதுவும் போனால் எங்கட எண்டு அவனிட்டை என்ன மிஞ்சப் போகுது?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் ஒரு தவறும் இல்லை. தவறு எம்மிடம் இருந்தது. "நீங்கள் செய்ததுதான் சரி. கை அந்தக் குச்சிக்குப் பழகினால் மிருதங்கத்தின் நாதம் கெட்டுப்போகும்" என்று நாமும் ஒத்து ஊதினோம். அவன் என்ன வாசிக்கிறான் என்று ஒருதரம் கூடக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. அவன் வகுப்பிலிருந்து நின்றுவிட்டான்.

சில மாதங்களுக்குப் பின்னர் நவராத்திரிக்காகப் பிள்ளைகளுக்கு முத்துசாமி தீட்சிதரின் சிறிய உருப்படி ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தோம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்று தொடங்கும் அது சியாமளா தேவியின் மீது பாடப்பட்டது. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி சிரித்துவிட்டு, "இது அரசருக்குப் பாடுற பாட்டெல்லோ?" என்றாள். சரியாகவே சொன்னாள். இங்கிலாந்தின் தேசிய கீதமாகவும் கனடாவின் அரச கீதமாகவும் பாடப்படும் அந்த மெட்டேதான் அது. அந்தச் சிரிப்பில்தான் எமக்கு உறைத்தது. தீட்சிதர் கேட்டறியாத இசையைக் காதுகொடுத்துக் கேட்டார். அதை வகுப்பில் பெருமையாகச் சொல்லித்தருகிறோம். எமது மாணவன் அதையே செய்தபோது கதவைச் சாத்திவிட்டோம்.

தீட்சிதரின் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

முத்துசாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர். தந்தை இராமசாமி தீட்சிதரும் பெரிய வித்துவான். இக்குடும்பத்தைச் சென்னைக்கு வடக்கே உள்ள மணலி என்னும் ஊருக்கு அழைத்து ஆதரித்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். அவருக்குப் பின் அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். இவர் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் துபாஷாக இருந்தவர். ஆகவே புனித ஜோர்ஜ் கோட்டைக்குப் போய்வரும் வழக்கம் அவருக்கு இருந்தது. போகும்போது தீட்சிதர் சகோதரர்களையும் அழைத்துச் செல்வார். கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளை அவர்கள் கேட்டது அங்கேதான். இராணுவ அணிவகுப்பு மெட்டுகள், நடன மெட்டுகள், ஐரிஷ், ஸ்கொத்லாந்து நாட்டுப் பாடல்கள் என்று பலவும் அவற்றுள் இருந்தன.

கமகம் இல்லாத, படிப்படியாக ஏறி இறங்கும் இந்த மெட்டுகள், வீணையில் கமகம் பயின்ற ஒருவருக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உப்பில்லாத சோறு போலத்தான் இருந்திருக்கும். ஆயினும் தீட்சிதர் அவற்றைத் தள்ளவில்லை. மெட்டுகள் பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்களில் அடங்குவதைக் கண்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை எழுதினார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று பெயர்பெற்ற அவை ஏறத்தாழ நாற்பது. மெட்டை நமது பாணிக்கு வளைத்து நெளித்து மாற்றவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வந்த விருந்தாளியை வந்த கோலத்திலேயே உட்காரவைத்து உபசரித்திருக்கிறார்.

அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786-1859) இன்னும் ஒருபடி மேலே போனார். கோட்டையில் கேட்ட வயலினில் ஆசைகொண்டு, ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் அதைப் பயின்று, நமது சங்கீதத்தை அதில் வாசிக்கத் தொடங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப்பார்க்க முடிகிறதா? எமது வகுப்பிலேயே வயலின் பயிலும் பிள்ளைகள் வீணை பயில்வோரைவிட அதிகம். "அது நமது வாத்தியம்" என்று இப்போது யாரும் வாதாடத் தேவையில்லை. முதலில் அது அந்நிய வாத்தியமாகவே வந்தது.

தீட்சிதர் கேட்டது ஆங்கில மெட்டுகளை மட்டுமன்று. இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி, அங்கு வழங்கிய இந்துஸ்தானி இசையையும் கேட்டார். யமுனா கல்யாணியில் அமைந்த ‘ஜம்பூபதே’, திவிஜாவந்தியில் அமைந்த ‘சேதஸ்ரீ’ முதலிய கிருதிகளில் அதன் சாயலைக் கேட்கலாம். அவற்றை அறியாமலே நாம் ஆலயங்களில் பாடிவருகிறோம்.

இனி நம்மூருக்கு வருவோம்.

இதே பயணத்தை எதிர்த்திசையில் செய்தவர் ஒருவர் ரொறன்ரோவில் வாழ்ந்திருக்கிறார். ஜோன் ஹிகின்ஸ், 1939இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மேற்கத்திய இசையில் வளர்ந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்துவான் தஞ்சாவூர் ரங்கநாதனின் வகுப்பில் நமது இசையை அறிந்து, பின்னர் சென்னைக்குச் சென்று புல்லாங்குழல் வித்துவான் விஸ்வநாதனிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். இவ்விருவரும் நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் சகோதரர்கள். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையிலும் பாடி, ‘ஹிகின்ஸ் பாகவதர்’ என்று அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார். நம்மூர்ப் பெரியவர்கள் அவருடைய இசைத்தட்டை முதன்முறை கேட்டபோது, பாடுபவர் வெள்ளைக்காரர் என்பதை நம்பவே இல்லை என்று இன்றும் சொல்வார்கள். 1984 திசம்பரில் குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவரால் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45.

இந்த ஹிகின்ஸும் மிருதங்க மேதை திருச்சி சங்கரனும் சேர்ந்துதான் 1971இல் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக் கல்வியைத் தொடக்கினார்கள். அப்போது இங்கு எம்மவர் எத்தனை பேர் இருந்தார்கள்! எமது ஆலயங்கள் எழும்புவதற்கு முன்னரே, பனி கொட்டும் கீல் வீதியில் ‘தா தீ தொம் நம்’ ஒலித்திருக்கிறது. சங்கரன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். குருவின் பாணியிலிருந்து இம்மியும் விலகாதவர் என்று பெயர் பெற்றவர். அதே சங்கரன் இங்கு ஜாஸ் கலைஞர்களுடனும் ஆபிரிக்க மேளக் கலைஞர்களுடனும் வாசித்தார், ஜாவாவின் கமலான் வாத்தியக் குழுவுக்கும் இசை அமைத்தார். அதனால் அவருடைய மிருதங்க நாதம் கெட்டுப்போயிற்றா? 2011இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. தகப்பனாரிடம் நாம் சொன்ன வார்த்தைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு வேண்டியதில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம். பழக்கமில்லாத இசை ஏன் இரைச்சலாகக் கேட்கிறது?

நமது காது, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தபடியே கேட்கிறது. தோடியில் காந்தாரம் அசையும் என்பது தெரிந்த காதுக்கு அந்த அசைவு இன்பம். அது தெரியாத காதுக்கு, பாடகர் சுருதியில் நிற்கமாட்டாமல் தடுமாறுவதாகத் தோன்றும். இங்கு பியானோ பயிலும் எமது பிள்ளைகள் பலர் இதையே சொல்கிறார்கள், சொல்லத்தான் பயப்படுகிறார்கள். அதுபோல மேற்கத்திய இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஒரே ஒரு குரலைத் தொடர்ந்து கேட்டுப் பழகிய நமக்கு எதைப் பிடிப்பது என்று தெரிவதில்லை. சந்தையில் பத்துப்பேர் ஒன்றாகக் கதைப்பது போல இருக்கும். 1968இல் ரொபர்ட் சயன்ஸ் என்ற உளவியல் அறிஞர், ஒன்றைத் திரும்பத் திரும்பக் காணும்போதே அதன்மீது விருப்பம் கூடுகிறது என்பதைச் சோதனைகளால் காட்டினார். நாம் எல்லோரும் அறிந்ததுதான். சிறுவயதில் பாவற்காயைத் துப்பியவர்கள்தானே இன்று அதைத் தேடி வாங்குகிறோம்.

ஆகவே ஒருதரம் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் தரம் சும்மா கேளுங்கள். இரண்டாம் தரம் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அடியில் ஒலிக்கும் பேஸ் வாத்தியத்தைப் பிடிப்பது இலகு. மூன்றாம் தரம் கையில் தாளம் போட்டுக் கேளுங்கள். இதற்குள் இரைச்சலில் பாதி அடங்கிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு மிசிசாகாவை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்ற ஜாஸ் பியானோ மேதை ஒஸ்கார் பீற்றர்சன் பல ஆண்டுகள் இந்த நகரில் வாழ்ந்து, 2007 திசம்பரில் இங்கேயே காலமானார். இங்குள்ள ஒரு பாடசாலைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. எம்மவர் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரைத் தினமும் கடந்து போகிறார்கள். அவர் யாரென்று கேட்டால் தெரியாது.

பீற்றர்சன் 1925இல் மொன்றியலில், கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் புகையிரதத்தில் படுக்கைப் பெட்டிகளைக் கவனிக்கும் தொழிலாளி. தாமாகவே இசை பயின்று, பிள்ளைகள் எல்லோரும் இசை படிக்கவேண்டும் என்று உறுதியாக நின்றவர். இரண்டு வேலை செய்து பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்கும் எம்மவருக்கு அந்தத் தகப்பனாரை அடையாளம் தெரியாமல் போகாது. பீற்றர்சனுக்கு மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்பித்தவர் போல் டி மார்க்கி. அவருடைய குரு தொமான். தொமானின் குரு பிரான்ஸ் லிஸ்ற். குருபரம்பரை நம்மிடம் மட்டுந்தான் உண்டு என்று நினைக்கவேண்டாம். 1993இல் பக்கவாதத்தால் இடதுகை தளர்ந்த பின்னரும் அவர் மேடைக்குத் திரும்பினார்.

அவருடைய ‘ஹிம் ரு ஃபிரீடம்’ என்ற உருப்படியை 1962இல் பதிவு செய்தார்கள். பியானோ, பேஸ், ட்ரம்ஸ் ஆகிய மூன்றே வாத்தியங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமது உரிமைக்காகப் போராடிய காலம் அது. தேவாலயப் பாட்டுப் போல மிக மெதுவாகத் தொடங்கும். எமது வகுப்பில் இதைப் போட்டபோது, தேவாரம் தவிர எதையும் விரும்பிக் கேளாத ஓர் அம்மம்மா, "இது கும்பிடுற பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லியிருக்கவில்லை.

ஜாஸின் அமைப்பு நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று. முதலில் மெட்டை வாசிப்பார்கள். பின்பு அதே தாள வட்டத்துக்குள் ஒவ்வொருவராகக் கற்பனையில் விரிப்பார்கள். முடிவில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நிரவலும் கற்பனாசுரமும் பாடி எடுப்புக்கு வந்து சேர்வதை அறிந்தவருக்கு இது புரியாமல் போகுமா? ட்ரம்ஸ் கலைஞரும் மற்றவரும் எட்டு, நான்கு என்ற அளவில் மாறி மாறி வாசிப்பதும் உண்டு. தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதை இது நினைவூட்டும். வேறுபாடும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அங்கே அடியில் சுரக்கட்டுகள் மாறிக்கொண்டே போகும். வாசிப்பவர் அந்த மாற்றத்துக்கு ஏற்ப நடக்கவேண்டும். நமக்கோ ஆதார சட்சம் அசையாமல் நிற்கும்.

‘புளூஸ்’ என்ற வகைக்குப் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு அடி. மொத்தம் நாற்பத்தெட்டு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஆறு ஆவர்த்தனம் போட்டால் நாற்பத்தெட்டு. சரியாகப் பொருந்தும். இந்தக் கணக்கை எமக்குக் காட்டித் தந்தவர் யார் என்றால், அந்தத் தகப்பனார்தான்.

நவராத்திரிக்குப் பிறகு அவருக்குத் தொலைபேசி எடுத்து, முன்னர் சொன்னது தவறு என்று சொன்னோம். இலேசாக வரவில்லை அந்த வார்த்தை. மகனுடைய பாடசாலைக் கச்சேரிக்கு நாமும் வருகிறோம், சேர்ந்து போவோம் என்றோம். அரை மனத்துடன் சம்மதித்தார். உடற்பயிற்சி மண்டபத்தில் மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். முதல் இரண்டு உருப்படிகளுக்கும் அவர் முகம் இறுகியே இருந்தது. மூன்றாவதில் தன்னை அறியாமல் துடையில் தாளம் போடத் தொடங்கினார். இலகு, துருதம், துருதம். வட்டம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மகனின் கை ஒரு தட்டுத் தட்டிச் சமத்தைக் காட்டியது. மூன்றாம் வட்டத்தில் எம் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ஆறு ஆவர்த்தனத்துக்கு ஒருக்கால் சமத்துக்கு வாறான், கவனிச்சீங்களோ?" என்றார்.

முடிவில் வாசித்ததில் அவன் ஒரு தீர்மானத்தை மூன்று தரம் வைத்து முடித்தான். அது எம்மிடம் படித்தது. பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தகப்பனாருக்குத் தெரிந்தது.

அவருக்கு ஜாஸ் பிடித்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். "அந்த ஊதுற சாமான்தான் காதைக் கிழிக்குது" என்று வண்டியில் ஏறும்போது சொன்னார்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெற்றோரிடம் நாம் கேட்பதை உங்களிடமும் கேட்கிறோம். மகோற்சவ காலத்தில் மேளம் தொடங்கியவுடன் காதைப் பொத்திக்கொண்டு கீழ்மண்டபத்துக்கு ஓடுகிறீர்கள். வெளிவீதிக்காக உண்டான வாத்தியத்தைக் கூரைக்குள் வாசித்தால் பலமாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அடுத்த முறை சுவாமி புறப்படும்போது சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். அப்போது வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமையும். சாகித்தியம் இல்லை, ஆகையால் "தமிழ் விளங்கவில்லை" என்ற சாட்டும் செல்லாது. ஒரே மெட்டை வெவ்வேறு காலங்களில் வாசிப்பார்கள். தவில் அதன்மேல் கணக்குகளை அடுக்கும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகைகளும் உண்டு. இணையத்தில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. 1975இல் மறைந்த அவரைத் தமிழ்நாட்டு வித்துவான்களே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்று தரம் கேளுங்கள். மூன்றாம் தரம் தாளத்தோடு.

எமது மாணவன் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறான். பாடசாலைக் குழுவை விடவில்லை, நாமும் விடச் சொல்லவில்லை. தெட்சணாமூர்த்தியின் பதிவை ட்ரம்ஸ் ஆசிரியருக்குப் போட்டுக் காட்டியதாகவும், அவர் ஒரே இடத்தை நான்கு தரம் திருப்பிப் போடச் சொன்னதாகவும் வந்து சொன்னான். "அந்த இடம் என்ன நடை, சேர்?" என்று கேட்டான். கண்ட நடை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் கீழ்மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் சேர்ந்து இசை கேட்போம். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் இரண்டு பாட்டுக் கொண்டு வாருங்கள். பிள்ளை விரும்பும் பாட்டைப் பெற்றோர் அறிமுகம் செய்யவேண்டும், பெற்றோர் விரும்பும் பாட்டைப் பிள்ளை அறிமுகம் செய்யவேண்டும். ஆகவே வீட்டில் முதலிலேயே ஒருவருக்கொருவர் கேட்டு, விளங்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும். ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தெரிவு ஆலயத்தில் கேட்கத் தகுந்ததாக இருக்கட்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுகிறோம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காக இப்பாடத்தின் சுருக்கம் இவ்விதழின் ஆங்கிலப் பகுதியில் இருக்கிறது. தேநீரும் வடையும் உண்டு.